விடத் தெரிந்த உடும்பு

பள்ளக்காட்டில் வல்லான் என்று ஓர் உடும்பு இருந்தான். கால்பந்தில் அவனைப் போல ஒரு தடுப்பாளன் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. எதிரணியில் ஒருவனைக் குறி வைத்துவிட்டால் போதும். அவன் ஓடினால் இவனும் ஓடுவான், நின்றால் இவனும் நிற்பான். தாகம் என்று குளத்துக்குப் போனால், பக்கத்தில் நின்று இவனும் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கூடவே திரும்பி வருவான்!

பல் படக்கூடாது, நகம் படக்கூடாது என்பது ஆட்டத்தின் விதி. வல்லானுக்கு இரண்டும் தேவைப்பட்டதில்லை. தோளோடு தோள் ஒட்டிக்கொண்டான் என்றால் எதிராளிக்குப் பந்து கிடைக்காது. கிடைத்தாலும் அடிக்க இடம் இருக்காது.

பள்ளக்காட்டுக்கும் மேட்டுக்காட்டுக்கும் நடுவில் இருந்தது கெண்டைக்குளம். கோடையில் அது சுருங்கிவிடும். இரண்டு காட்டுக்கும் தண்ணீர் போதாது. ஒரு காலத்தில் கொம்பாலும் பல்லாலும் அடித்துக்கொண்டார்கள். நிறைய ரத்தம் கொட்டிய பிறகுதான் புத்தி வந்தது. கால்பந்து ஆடுவோம், ஜெயித்தவர்களுக்கு மழை வரும்வரை குளம், தோற்றவர்கள் மலையைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. ஆட்டம் சமமானால், போன கோடையில் குளம் யாரிடம் இருந்ததோ அவர்களுக்கே. போன கோடையில் அது பள்ளக்காட்டாரிடம் இருந்தது.

மேட்டுக்காட்டார் பெரும்பாலும் மானும் முயலும். மலையைத் தாண்டுவது அவர்களுக்கு உலாப் போவது மாதிரி. பள்ளக்காட்டில் அப்படி இல்லை. அங்கே ஓட்டாயி என்ற ஆமை இருந்தாள். அவள்தான் அணியின் கோல்கீப்பர். அந்த வெயிலில், அந்தப் பாறைச் சூட்டில், அவளால் மலையடிவாரம் வரைகூடப் போக முடியாது. குளம் போனால் ஓட்டாயியும் போவாள். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆமை எப்படி கோல்கீப்பர் என்று சிரிக்க வேண்டாம். கோல் என்பது இரண்டு கரையான் புற்றுகளுக்கு நடுவே உள்ள இடம். ஓட்டாயி நடுவில் உட்கார்ந்தால் பாதி கோல் மறைந்துவிடும். நேராக வரும் பந்து ஓட்டில் பட்டு, வந்த வழியே திரும்பிப் போகும். ஓரமாகப் புற்றை ஒட்டி வரும் பந்துதான் அவளுக்கு எட்டாது. அப்படி ஒரு பந்து வராமல் பார்த்துக்கொள்வது மற்றவர்களின் வேலை.

பெரிய ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு காட்டாரும் ஓர் ஒத்திகை ஆட்டம் ஆடுவது வழக்கம். சும்மா கை கால் உதறிக்கொள்ளத்தான். ஆனால் மேட்டுக்காட்டு அணியின் தலைவன் நெளியன் சும்மா இருக்கும் ஆள் இல்லை. அவன் ஒரு கீரி. ஒரு யோசனை தோன்றிவிட்டால், அதை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

அன்றைக்கு அவன் தன் அணியைப் புது விதமாக நிறுத்தினான். துள்ளன் என்ற முயலை முன்னால் தனியாக விட்டான். வல்லான் வழக்கம்போல துள்ளனைப் போய் ஒட்டிக்கொண்டான். துள்ளன் ஓரமாக ஓடினான். வல்லானும் ஓடினான். துள்ளன் ஆடுகளத்தின் மூலைக்கே போய்க் காதைச் சொறிந்துகொண்டு நின்றான். வல்லானும் விறைப்பாக நின்றான்.

அதே நேரம், வல்லான் விட்டுப்போன நடு இடத்தில் புள்ளியான் என்ற மான் சாவகாசமாக நடந்து வந்தான். பந்தை வாங்கினான். ஓட்டாயியைப் பார்த்தான், இடது புற்றைப் பார்த்தான், ஓரமாகத் தட்டினான். கோல்!

இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். கடைசி வரைக்கும் துள்ளன் பந்தை ஒரு தடவைகூடத் தொடவில்லை. பள்ளக்காட்டின் வலையில் நாலு கோல் விழுந்திருந்தது. அதாவது, வலை இருந்திருந்தால் விழுந்திருக்கும்.

"என் ஆளு பந்தைத் தொடவே இல்லையே! நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றான் வல்லான். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

பள்ளக்காட்டு அணியின் தலைவி மஞ்சக்காலி ஓர் ஆட்காட்டிப் பறவை. மஞ்சள் கால், கூர்மையான கண், அதைவிடக் கூர்மையான குரல். முகத்துக்கு நேரே பேசிவிடுவாள்.

"நீ ஒரு தப்பும் செய்யல, வல்லண்ணே! அதான் பிரச்சினையே! நீ சரியா செய்வேன்னு தெரிஞ்சுதான் அந்தக் கீரி திட்டம் போட்டிருக்கான்! உன்னை வச்சே நம்மளை அடிச்சுட்டான்!"

மறுநாள் காலையில் மஞ்சக்காலி கோலுக்கு முன்னால் ஈர மணலில் காலால் மூன்று வட்டம் கீறினாள். பிறை மாதிரி வளைவாக, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருந்தன. இடப்பக்க வட்டத்தில் மொத்தையன் என்ற காட்டுப்பன்றி, வலப்பக்க வட்டத்தில் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி, நடு வட்டத்தில் வல்லான்.

"இனிமே ஆளுக்கு ஒரு ஆளைப் புடிச்சுக்கிட்டு ஓடுற வேலை கிடையாது. ஆளுக்கு ஒரு இடம். உன் இடத்துக்குள்ள எவன் வந்தாலும் அவன் உன் ஆளு. உன் இடத்தை விட்டுப் போயிட்டான்னா, 'மாத்து'ன்னு கத்து. பக்கத்துல இருக்கறவன் 'எடுத்துட்டேன்'னு பதில் கொடுப்பான். நீ விட்டுடணும். புரியுதா?"

"விட்டுடணுமா?" என்று கேட்டான் வல்லான். "புடிச்சதை விடுறது எங்க குலத்துலயே கிடையாது! எங்கப்பன் வெள்ளத்துல ஒரு வேரைப் புடிச்சாரு. தண்ணி வடியுற வரைக்கும் விடல, தெரியுமா?"

"உங்கப்பன் புடிச்ச வேர் ஒரே இடத்துல இருந்துச்சு! இந்த முயல் இருக்குமா?"

பயிற்சி தொடங்கியது. காட்டுக்கோழி ஒருவனைத் துள்ளனாக நடிக்க விட்டார்கள். அவன் வல்லானின் வட்டத்துக்குள் வந்தான். வல்லான் ஒட்டினான். கோழி நகர்ந்து சிலுப்பனின் வட்டத்துக்குப் போனான். "மாத்து!" என்று வல்லான் கத்தினான். "எடுத்துட்டேன்!" என்றான் சிலுப்பன். எல்லாம் சரிதான். ஆனால் வல்லானும் கோழியோடு சிலுப்பனின் வட்டத்துக்குள் நின்றான்!

"அங்க என்னண்ணே பண்ற?"

"சும்மா ஒரு துணைக்கு!"

மறுபடி ஆடினார்கள். இந்தத் தடவை கோழி களத்தைத் தாண்டி இலந்தைப் புதருக்குள் ஓடினான். இரண்டு பேரும் முள்ளும் கீறலுமாக வெளியே வந்தார்கள். மஞ்சக்காலிக்கு வந்ததே கோபம்!

"அவன் பின்னாடியே போறதுக்கு நீ என்ன அவன் வாலா?"

மொத்தையன் விழுந்து விழுந்து சிரித்தான். சிலுப்பன் சிரிக்கவில்லை. அவன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். ராத்திரியெல்லாம் கிழங்கு தோண்டித் தின்கிற பிழைப்பு அவனுக்கு. பகலில் கண் செருகும். வல்லானின் பயமே அதுதான். 'இவனை நம்பி விடுவதா? நான் விட்ட நேரம் பார்த்து இவன் கண்ணயர்ந்தால்?' இத்தனை காலமும் சிலுப்பனின் வேலையையும் சேர்த்து வல்லான்தான் பார்த்துவந்தான். சிலுப்பனும் அதனால்தான் நிம்மதியாகத் தூங்கிவந்தான். இந்த இரண்டாவது விஷயம் மட்டும் வல்லானுக்கு உறைக்கவே இல்லை.

"நான் வெளியில உக்காந்துக்கறேன். வேற ஆளைப் பாரு!" என்று சொல்லிவிட்டு வல்லான் விறுவிறுவென்று குளக்கரைக்குப் போய்விட்டான்.

அங்கே ஓட்டாயி சேற்றில் பாதி புதைந்து கிடந்தாள். தண்ணீர் ஏற்கனவே உள்வாங்கத் தொடங்கியிருந்தது.

"என்னண்ணே, கோவிச்சுக்கிட்டு வந்துட்டியா?"

"என்னைய நடுவுல கம்பம் மாதிரி நிக்கச் சொல்றா! கம்பம் நடுறதுன்னா மூங்கிலை நட வேண்டியதுதானே! நான் எதுக்கு?"

ஓட்டாயி கழுத்தை நீட்டினாள்.

"நான் எங்கிருந்து பார்க்கறேன்னு சொல்லட்டுமா? நீ எனக்கு முன்னால நின்னா, அடிக்கறவனுக்கு ரெண்டு ஓரமும் தெரியாது. நேரா என் மேலதான் அடிச்சாகணும். அதை நான் பார்த்துக்குவேன். நீ முயலோட போயிட்டேன்னா எனக்கு முன்னால வெட்டவெளிதான். அந்த மான் நிதானமா ஓரத்தைப் பார்த்து அடிக்குது. நான் ஓடிப் போய்ப் புடிக்கற ஆளா?" அவள் குரல் இறங்கியது. "நீ பந்தைத் தொடக்கூட வேண்டாம்ண்ணே. நில்லு. எனக்குப் பயமா இருக்கு."

ஓட்டாயி பயம் என்ற வார்த்தையைச் சொல்லி வல்லான் கேட்டதே இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் முயலின் பின்னால் ஓடினோம் என்று நினைத்திருந்தான். ஓட ஓட அவளைத் தனியாக விட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவன் எழுந்து மணலுக்குப் போய் நடு வட்டத்தில் நின்றுகொண்டான். "கோழியைக் கூப்பிடு!" என்றான் மஞ்சக்காலியிடம்.

பெரிய ஆட்டத்தின் நாள் வந்தது. இரண்டு காடும் களத்தைச் சுற்றிக் கூடிவிட்டன. நடுவர் மரங்கொத்தி பட்டமரத்தில் 'டக் டக்' என்று கொத்த, ஆட்டம் தொடங்கியது.

துள்ளன் நேராக வல்லானிடம் வந்து பல்லைக் காட்டினான். "வாங்கண்ணே, போலாமா? அந்த மூலையில நல்ல நிழல் இருக்கு!"

சொல்லிவிட்டு ஒரே ஓட்டம்! வல்லானின் கால் அவனைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. எத்தனை காலத்துப் பழக்கம்! வட்டத்தைத் தாண்டிப் பாதி தூரம் போன பிறகுதான் மஞ்சக்காலியின் அலறல் காதில் விழுந்தது. திரும்பினான். நடு இடத்தில் புள்ளியான் நின்றிருந்தான். காலில் பந்து. ஓரமாக அடித்தான்.

ஓட்டாயி கழுத்தை நீட்டினாள். எட்டவில்லை. பந்து வலது புற்றில் மோதி, ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வெளியே போனது. ஒரு நூல் இந்தப் பக்கம் வந்திருந்தால் கோல்!

யாரும் வல்லானைத் திட்டவில்லை. மஞ்சக்காலிகூடத் திட்டவில்லை. ஓட்டாயி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் வல்லானுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவன் தன் இடத்துக்குத் திரும்பினான். நாலு காலின் நகங்களையும் மண்ணுக்குள் இறக்கினான். 'பிடிக்காமல் இருக்க என்னால் முடியாது. சரி, இந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன்!' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

துள்ளன் மறுபடி வந்தான். "என்னண்ணே, வரலையா?" என்று கேட்டு ஓரமாக ஓடினான். வல்லானின் உடம்பு முழுக்கப் பதறியது. வால் தானாகத் துடித்தது. ஆனால் நகங்கள் மண்ணை விட்டு எழவில்லை.

"மாத்து!" என்று கத்தினான்.

மறுபக்கமிருந்து சத்தம் வருவதற்குள் அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"எடுத்துட்டேன்!" என்றான் சிலுப்பன்.

வல்லான் திரும்பிப் பார்த்தான். சிலுப்பனின் கண்கள் அகலமாகத் திறந்திருந்தன. தனக்குப் பின்னால் வேலை பார்க்க யாரும் இல்லை என்று தெரிந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

அதற்குப் பிறகு அந்த மூன்று பேரும் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கே பெருமையாக இருக்கிறது! இடப்பக்கம் வந்தவர்களை மொத்தையன் முட்டுக்கட்டையாக நின்று மறித்தான். அவர்கள் நடுவுக்கு நகர்ந்தால் "மாத்து!" வல்லான் "எடுத்துட்டேன்!" வலப்பக்கம் போனால் "மாத்து!" சிலுப்பன் "எடுத்துட்டேன்!" ஒருவன் ஓர் அடி முன்னால் போனால் மற்ற இரண்டு பேரும் ஓர் அடி உள்ளே நெருங்கினார்கள். மணலில் கீறிய வட்டம் அழிந்துபோய் வெகுநேரம் ஆகியிருந்தது. பிறை மட்டும் கலையவே இல்லை.

புள்ளியான் வெளியிலிருந்து அடித்துப் பார்த்தான். நேராக ஓட்டாயியின் ஓட்டில். டொக்! திரும்ப அடித்தான். டொக்! ஓரங்கள் அவன் கண்ணுக்கே தெரியவில்லை.

துள்ளனின் பாடுதான் பரிதாபம். மூலைக்கு ஓடிப்போய் நின்றான், யாரும் வரவில்லை. காதைச் சொறிந்தான், யாரும் பார்க்கவில்லை. "நான் இங்க இருக்கேன்!" என்று கத்திக்கூடப் பார்த்தான்.

"தெரியும் தம்பி, நல்லா இரு!" என்றான் மொத்தையன்.

கோல் எதுவும் இல்லாமல் ஆட்டம் முடிவை நெருங்கியது. மேட்டுக்காட்டாருக்கு ஒரு கோல் கட்டாயம் வேண்டும். நெளியன் சும்மா தலைவன் ஆகவில்லை. சட்டென்று திட்டத்தைப் புரட்டினான். இத்தனை நேரம் பந்தே கொடுக்காத துள்ளனுக்கு, ஆளில்லாத வலது மூலையைப் பார்த்து நீளமாக ஒரு பந்தைத் தள்ளினான்!

களமே எழுந்து நின்றது. துள்ளன் பந்தோடு காற்றாய்ப் பறந்து வந்தான். அவனுக்கும் கோலுக்கும் நடுவில் சிலுப்பன் ஒருவன்தான்.

வல்லானுக்குத் தெரியும், ஓடினால் துள்ளனை மறித்துவிடலாம். துள்ளன் அவனுக்குப் பழைய ஆள். அவனுடைய ஓட்டம், திருப்பம், மூச்சு எல்லாம் வல்லானுக்கு அத்துப்படி. காட்டார் எல்லோரும் கத்தினார்கள். "ஓடு வல்லா! முயலைப் புடி! புடி!"

அவன் நகங்கள் இன்னும் ஆழமாக இறங்கின.

"மாத்து!" என்றான். குரல் நடுங்கியது.

"எடுத்துட்டேன் மச்சான்! நீ அங்கேயே நில்லு!"

சிலுப்பன் திரும்பினான். முள்ளையெல்லாம் விசிறியாக விரித்தான். கலகலவென்று சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே துள்ளனை நோக்கி நகர்ந்தான். முள் ஒன்றுகூடத் துள்ளன்மேல் படவில்லை. விதிப்படிதான். ஆனால் அந்த முள் வேலியைத் தாண்டி அடிக்க எந்த முயலுக்குத் துணிச்சல் வரும்? துள்ளன் மிரண்டான். பந்தை நடுவுக்குத் தட்டினான்.

நடுவில் புள்ளியான் காத்திருந்தான். அந்தத் தந்திரமே அவனுக்காகத்தான். வல்லான் ஓடியிருப்பான், ஓரம் இரண்டும் திறந்திருக்கும் என்பதுதான் நெளியனின் கணக்கு. புள்ளியான் தலையைத் தூக்கினான். எதிரே உடும்பு! கல்லில் செதுக்கியது போல நின்றான். வேறு வழி இல்லை. முழு பலத்தோடு நேராக அடித்தான்.

டொக்!

பந்து மேலே எழும்பி, மேட்டுக்காட்டார் தலைக்கு மேலே பறந்து, புதருக்குள் விழுந்தது. மரங்கொத்தி பட்டமரத்தைக் கொத்தினான். ஆட்டம் முடிந்தது. கோலே விழவில்லை. குளம் பள்ளக்காட்டுக்கு!

ஒரே ஆரவாரம். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவதுதான் காட்டு வழக்கம். அன்றைக்குக் கோல் போட்டவன் யாரும் இல்லை. யாரைத் தூக்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தார்கள். பிறகு எல்லோரும் வல்லானிடம் ஓடினார்கள். இழுத்தார்கள். அவன் அசையவில்லை. நகங்கள் அவ்வளவு ஆழத்தில் இறங்கியிருந்தன. கடைசியில் மொத்தையன் மூக்கால் மண்ணைத் தோண்டித்தான் அவனை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

"என்னைத் தூக்காதீங்க! சிலுப்பனைத் தூக்குங்க!" என்றான் வல்லான்.

"ஐயோ, அவனை எப்படித் தூக்கறது? குத்துமே!" என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். சிலுப்பனுக்கு வெட்கம் தாங்கவில்லை.

நெளியன் தோல்வியை மறைக்காமல் நேராக வல்லானிடம் வந்தான். கீரிக்கும் உடும்புக்கும் அப்படியொன்றும் ஒட்டு உறவு கிடையாது. ஆனாலும் கேட்டான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு வல்லா. துள்ளன் பந்தோட தனியா வந்தானே, அப்ப எப்படி நீ நிம்மதியா நின்னே?"

"நிம்மதியாவா?" வல்லான் மூச்சு வாங்கினான். "உயிரே போயிடுச்சு! ஆனா அந்தப் பக்கம் சிலுப்பன் இருந்தானே!"

நெளியன் தலையை ஆட்டிவிட்டுத் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடந்தான். கரையில் ஓட்டாயி மெதுவாக நடந்து போனாள். முன்கால் நனைந்தது, ஓடு நனைந்தது. ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, குளத்துக்குள் இறங்கினாள்.

எல்லாவற்றையும் தானே பிடித்துக்கொள்ள நினைப்பவன் காக்க வேண்டியதைக் கைவிடுகிறான். தன் இடத்தில் உறுதியாக நின்று, மற்றதைப் பக்கத்தில் நிற்பவனிடம் நம்பி விடுபவனே எல்லோரையும் காப்பாற்றுகிறான்.